கந்தப்பளைக் கரட்டும் கடைசி இரண்டு சுற்றும்: தானியங்கிப் பேரப் போட்டிக்கு ஒரு நிகழ்வு ஆய்வு

தானாகப் பேரம் பேசும் மென்பொருள் முகவரை எழுதிப் போட்டிக்கு அனுப்பும் அணிகள், எவ்வளவு விறைப்பாகக் கேட்பது என்பதிலேயே தலையை உடைத்துக்கொள்கின்றன. புள்ளி கரைவது வேறு இடத்தில். எதிராளிக்கு எது பெரிது, எது சில்லறை என்று தெரியாமல் கேட்பதிலும், கடைசிச் சில சுற்றுகளில் எதை ஏற்பது என்பதிலும்தான் போகிறது. இதை ஒரு சின்னக் களத்தில், கையால் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய அளவில், இங்கே பிரித்துக் காட்டுகிறோம். களம் நுவரெலியாவுக்கு அருகில் கந்தப்பளை. ஒரு பக்கம் கரட் போட்ட தோட்டக்காரர், மறுபக்கம் தம்புள்ளைக்குச் சரக்கு ஏற்றும் லொறி முதலாளி. விலைகளும் எடைகளும் (எந்த விடயம் யாருக்கு எவ்வளவு பெரிது என்று காட்டும் எண்கள்) இந்த ஆய்வுக்காக நாங்கள் வைத்தவை. சந்தை நிலவரம் அல்ல.

போட்டியின் பின்னணி சுருக்கமாக. ஏ.என்.ஏ.சி. எனப்படும் தானியங்கிப் பேர முகவர் போட்டி 2010இல் டொரொன்டோவில், பன்முகவர் அமைப்புகளுக்கான ஏஏமாஸ் மாநாட்டோடு தொடங்கியது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இஸ்ரேலின் பார் இலான் பல்கலைக்கழகமும் தொடக்கத்தில் முன்னின்று நடத்தின. முதல் ஆண்டு நாகோயாவிலிருந்து வந்த ஏஜென்ட்கே வென்றது, 2011இல் டெல்ஃப்டின் ஹார்ட்ஹெடட், 2012இல் ஹொங்கொங்கின் சியூஎச்கேஏஜென்ட். ஆண்டுக்கு ஆண்டு சவாலை மாற்றினார்கள். 2013இல் முந்தைய சுற்றுகளில் கற்றதைச் சேமித்து வைக்க இடம் கிடைத்தது. 2014இல் நேர்கோட்டில் அடங்காத பெரிய களங்கள், 2015இல் மூவர் பேரம், 2019இல் தன் விருப்பமே முகவருக்கு அரைகுறையாகத் தெரியும் நிலை, 2024இல் எதிராளியின் விருப்பம் முழுக்கத் தெரிந்தும் அவர் எந்தப் புள்ளியில் எழுந்து போவார் என்பது மட்டும் தெரியாத நிலை. பழைய போட்டிகள் ஜாவாவில் எழுதிய ஜீனியஸ் தளத்தில் ஓடின. இப்போது பைத்தனில் உள்ள நெக்மாஸ். இரண்டும் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும்.

கொழுந்தை ஏன் எடுக்கவில்லை?

மலையகம் என்றதும் தேயிலைதான் நினைவுக்கு வரும். ஆனால் சிறு தோட்டக்காரரின் பச்சைக் கொழுந்துக்குத் தொழிற்சாலை தரும் விலை, விற்பனைச் சராசரியிலிருந்து கொழுந்து கொடுத்தவருக்கு 68, தொழிற்சாலைக்கு 32 என்ற சூத்திரப்படி வருகிறது. அங்கே பேசுவதற்கு அதிகம் இல்லை. கொழும்புத் தேயிலை விற்பனை ஏலம். ஏலமும் பேரமும் ஒன்றல்ல. உண்மையில் பேரத்துக்குப் பொருத்தமான தோட்டப்புற உதாரணம் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்துவந்த கூட்டு ஒப்பந்தம்தான்: நாட்சம்பளம், வேலை நாள், பறிக்க வேண்டிய கிலோ என்று பல விடயம் ஒரே மேசையில். பேச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதையும் அது காட்டுகிறது. 2021 மார்ச்சில் 1,000 ரூபா நாட்சம்பளம் வந்தது ஒப்பந்தத்தால் அல்ல, சம்பள நிர்ணய சபையின் வழியாக. ‘முறிந்தால் எனக்கு என்ன கிடைக்கும்’ என்ற அந்த எண்ணைத்தான் பேர ஆய்வில் விலகல் மதிப்பு என்கிறோம். ஆனாலும் அந்த விடயத்தில் சட்டமும் அரசியலும் இவ்வளவு கலந்திருப்பதால், முதல் பயிற்சிக்குக் கரட்டே நல்லது.

களம்

பேசவேண்டியவை நான்கு.

விலை, கிலோவுக்கு: 160, 170, 180, 190, 200 ரூபா.
காசு: உடனே கையில், 3 நாளில், 7 நாளில்.
கழுவுதல்: தோட்டக்காரர் கழுவித் தருவது, அல்லது முதலாளி தன் செலவில் கழுவுவது.
தரம் பிரித்தல்: அள்ளினபடி, உடைசல் நீக்கி, அளவு பிரித்து.

5 × 3 × 2 × 3, ஆக 90 முடிவுகள். ஒப்பிட்டுப் பார்க்க: ஜீனியஸில் உள்ள சைக்கிள் உதிரிப்பாகக் களத்தில் 180, பயணத் திட்டக் களத்தில் 1,88,160.

தோட்டக்காரரின் எடைகள்: விலை 0.50, காசு 0.30, கழுவுதல் 0.10, தரம் 0.10. உரக்கடைக் கடன் தலைக்கு மேல் நிற்கும்போது காசு கைக்கு வருவது அவருக்குப் பெரிது. கழுவ ஓடையும் வீட்டாள்களும் பக்கத்திலேயே. முதலாளியின் எடைகள்: விலை 0.45, காசு 0.10, கழுவுதல் 0.20, தரம் 0.25. ஒவ்வொரு விடயத்திலும் தனக்கு மிக நல்லதற்கு 1, மிக மோசமானதற்கு 0, இடையில் உள்ளவை சம இடைவெளியில். எடையால் பெருக்கிக் கூட்டினால் பயன்மதிப்பு. பேரம் முறிந்தால் தோட்டக்காரருக்கு 0.40 (நாளை வேறு லொறி வரும், அல்லது தம்புள்ளைக் கமிஷன் கடைக்குத் தானே அனுப்பலாம்), முதலாளிக்கு 0.35.

இனி நடுவில் வெட்டுவதைப் பார்ப்போம். 180 ரூபா, 3 நாளில் காசு, உடைசல் நீக்கி, முதலாளியே கழுவுவது. தோட்டக்காரருக்கு 0.25 + 0.15 + 0.05 + 0.10 = 0.55. முதலாளிக்கு 0.225 + 0.05 + 0.125 + 0 = 0.40. ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்த நியாயமான பேரம் போலத்தான் தெரிகிறது. ஆனால் சந்தைப் பழக்கம் உள்ள தோட்டக்காரர் இப்படிப் பேசமாட்டார். “காசு கையில வச்சீங்கன்னா கழுவி, அளவு பிரிச்சே தாறேன் முதலாளி, வெல மட்டும் நூத்தித் தொண்ணூறு” என்பார். அதைக் கணக்கில் வைத்தால் தோட்டக்காரருக்கு 0.375 + 0.30 = 0.675, முதலாளிக்கு 0.1125 + 0.20 + 0.25 = 0.5625. இருவருக்கும் கூடியிருக்கிறது. விலகல் மதிப்புக்கு மேல் இருவரும் பெறும் லாபத்தைப் பெருக்கினால் 90 முடிவுகளில் மிகப் பெரிய எண் இதற்குத்தான்: 0.275 × 0.2125. கணிதவியலாளர் ஜோன் நாஷ் 1950இல் சொன்ன பேரப் புள்ளி இந்தக் களத்தில் இதுவே.

முகவரின் உறுப்புகள்

முகவரை மூன்று துண்டாகப் பிரித்து எழுதுவது டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் பழக்கப்படுத்திய முறை: எதைக் கேட்பது, எதிராளியை எப்படிக் கணிப்பது, எதை ஏற்பது. தனித்தனியாக எழுதினால் தனித்தனியாகச் சோதிக்கலாம்.

கேட்கும் பகுதிக்கு எல்லோரும் கையில் எடுப்பது 1998இல் ஃபராட்டின், சியெரா, ஜென்னிங்ஸ் ஆகியோர் எழுதிய கால உத்தி. பேரத்தின் தொடக்கத்தை 0, முடிவை 1 என்று வைத்து, நேரம் t ஆக இருக்கும்போது இலக்கு = கீழ் எல்லை + (1 − கீழ் எல்லை) × (1 − t இன் 1/e அடுக்கு). இலக்கு என்பது அந்த நேரத்தில் முகவர் கேட்கும் பயன்மதிப்பு; கீழ் எல்லை, அது கடைசியில் இறங்கி நிற்கும் அளவு; e, எவ்வளவு விறைப்பு என்று நாம் வைக்கும் எண். e ஒன்றுக்குக் கீழே என்றால் கடைசிவரை விறைப்பு. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் தொழிற்சங்கங்களிடம் முதல் சொல்லே கடைசிச் சொல் என்று நின்ற லெமுவல் பூல்வேரின் பெயரால் இதை பூல்வேர் என்கிறார்கள். ஒன்றுக்கு மேலே என்றால் இளக்கம்.

கீழ் எல்லையை 0.45 என்றும் e ஐ 0.2 என்றும் வைத்தால் பாதி நேரத்தில்கூட இலக்கு 0.983. 0.8இல் 0.820, 0.9இல் 0.675, 0.96இல் 0.5515, 0.98இல் 0.503. அதாவது பேரத்தின் முதல் பாதியில் யாரும் ஏறத்தாழ எதையும் விடுவதில்லை.

முதல் ஓட்டம்: இருவரும் 0.2

நேரத்தை 50 சுற்றாக வைக்கிறோம். சுற்று எண்ணை 50ஆல் வகுத்தால் t; பூச்சியத்திலிருந்து எண்ணுவதால் கடைசிச் சுற்று 0.98. இரண்டு முகவரும் தன் இலக்குக்குக் குறையாத ஏதோ ஒரு முடிவைக் குருட்டுத்தனமாக எடுத்து நீட்டுகிறார்கள்.

சுற்று 48இல் இருவருக்கும் இலக்கு 0.5515. இருவரின் இலக்கையும் நிறைவு செய்யும் முடிவு 90இல் எத்தனை? ஒன்றே ஒன்று: 190, கையில் காசு, கழுவி, அளவு பிரித்து. சுற்று 49இல் ஆறாகிறது. ஆக, 47ஆம் சுற்றுவரை இலக்கு 0.59க்குக் கீழே இறங்காத இந்த முகவர்களுக்கு வாய்ப்பு கடைசி இரண்டு சுற்றில் மட்டும். அதில் முதலாளியின் முகவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தனக்கு 0.56 முதல் 0.59 வரை தரும் இந்த நான்கும் அவருக்கு ஏறத்தாழ ஒன்றுதான்:

160, கையில் காசு, தானே கழுவி, உடைசல் நீக்கி. தோட்டக்காரருக்கு 0.45.
170, 3 நாள், கழுவி வாங்கி, அள்ளினபடி. தோட்டக்காரருக்கு 0.375.
180, 7 நாள், தானே கழுவி, அளவு பிரித்து. தோட்டக்காரருக்கு 0.35.
190, கையில் காசு, கழுவி வாங்கி, அளவு பிரித்து. தோட்டக்காரருக்கு 0.675.

முதல் மூன்றில் எதை நீட்டினாலும் மறுப்பு. தனக்கு ஒரு செலவும் இல்லாமல் நான்காவதை நீட்டியிருக்கலாம். எதிராளியைப் பற்றி ஒன்றும் தெரியாததால் நீட்டவில்லை. விட்டுக்கொடுத்தும் பேரம் முறிவது இப்படித்தான். பதிவேட்டைப் பார்க்கும் அணிக்கோ ‘எதிராளி பிடிவாதக்காரன்’ என்றே தோன்றும்.

இரண்டாம் ஓட்டம்: இருவரும் 0.05

வென்ற முகவரைப் பார்த்து, இன்னும் விறைப்பாக வைப்போம் என்று e ஐ 0.05 ஆக்குவது அடிக்கடி நடக்கிறது. இப்போது 0.98இல் இலக்கு 0.633. இருவருக்கும் 0.633 வேண்டும் என்றால் கூட்டுத்தொகை 1.266 வேண்டும். இந்தக் களத்தில் இருவரின் பயன்மதிப்பும் சேர்ந்து 1.25ஐத் தாண்டாது. ஆகவே எதிராளிக் கணிப்பு எவ்வளவு திறமையாக இருந்தாலும் பேரம் முறியும், 0.40உம் 0.35உம் வாங்கிக்கொண்டு எழுந்து போக வேண்டியதுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது சுற்று எண்ணிக்கை. இதே முகவர் 180 செக்கன் கடிகாரத்தில் ஓடினால் 0.9886 என்ற புள்ளியில், அதாவது சுமார் 2 செக்கன் மிச்சம் இருக்கும்போது, இலக்கு 0.5625க்கு இறங்கும். வேகமான கணினியில் அந்த 2 செக்கனுக்குள் நூற்றுக்கணக்கான முன்மொழிவு போய்வரும், பேரம் முடியும். 50 சுற்றில் அந்தப் புள்ளியே வருவதில்லை. செக்கனில் சோதித்துவிட்டுச் சுற்றில் போட்டியிட்டால் காரணம் புரியாமல் தோற்பது இதனால்தான். செக்கனிலும் ஆபத்து உண்டு: எதிராளி ஒரு பதிலுக்கு 3 செக்கன் யோசித்தால் உங்கள் கடைசி இறக்கம் அவர் காதுக்கே எட்டாது. எனவே இதுவரை ஒரு சுற்றுக்கு எடுத்த சராசரி நேரத்தை முகவர் அளந்து, ‘இன்னும் எத்தனை முறை பேச முடியும்’ என்று கணக்கிட்டு, t ஐ அதற்கேற்ப முன்னே நகர்த்த வேண்டும்.

மூன்றாம் ஓட்டம்: எதிராளிக் கணிப்போடு

எளிய முறை, எதிராளியின் அடுத்தடுத்த முன்மொழிவுகளை ஒப்பிட்டு, மாறாமல் நின்ற விடயத்துக்கு எடையைக் கூட்டுவது. ஹார்ட்ஹெடட் பயன்படுத்தியதும் இந்த வகைதான். எல்லாவற்றுக்கும் 0.25 என்று தொடங்கி, மாறாத ஒவ்வொரு முறைக்கும் 0.05 கூட்டி, கடைசியில் மொத்தத்தால் வகுப்போம். முதலாளியின் முதல் 10 முன்மொழிவில், அதாவது 9 ஒப்பீட்டில், தரம் 9 முறை, விலை 7 முறை, கழுவுதல் 6 முறை மாறாமல் நின்றது, காசு ஒருமுறைகூட நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது: தரம் 0.33, விலை 0.29, கழுவுதல் 0.26, காசு 0.12.

உண்மையான எடையோடு வைத்துப் பார்த்தால் வரிசை பிழை. விலைதான் முதலில் இருக்க வேண்டும். விலையில் ஐந்து படி இருப்பதால் சின்ன இறக்கத்தை அங்கே காட்டுவது எதிராளிக்கு வசதி, அதனால் அது ‘மாறுகிறது’. இந்த முறையின் நிரந்தரக் கோளாறு இது. ஆனாலும் வேலைக்கு உதவும் ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட்டது: காசு கடைசி. கையில் காசு கேட்டால் முதலாளிக்கு வலிக்காது என்று தெரிந்தாலே தோட்டக்காரரின் முகவர் தன் இலக்கை நிறைவு செய்யும் முடிவுகளில் எதிராளிக்கு மிக நல்லதைத் தேடி 190, கையில் காசு, கழுவி, அளவு பிரித்து என்பதற்கு வந்துவிடும். கணிப்பு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. வரிசையின் கடைசி முனை சரியாக இருந்தால் போதும் என்பது எங்கள் கருத்து. அணிகள், நிகழ்தகவுக் கணக்கால் எதிராளியை ஊகிக்கும் பேய்சியன் முறைக்குத் தாவுவதற்கு முன் இதை ஓட்டிப் பார்க்கட்டும்.

ஒரு சின்னச் சிக்கல். 45ஆம் சுற்றில் இலக்கு 0.6752. அந்த முடிவு தருவது 0.675. 0.0002 குறைவதால் முகவர் அதை ஒதுக்கிவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கிறது. சின்னக் களத்தில் முடிவுகள் படிப்படியாகத்தான் இருக்கும், இலக்கில் 0.01 அளவு தளர்வு வைக்காவிட்டால் நல்லதையே தாண்டிப் போகும். எப்படியும் 46, 47ஆம் சுற்றுகளில் நீட்டி, 48இல் முதலாளியின் இலக்கு 0.5515க்கு இறங்கும்போது பேரம் முடிகிறது. முதல் ஓட்டத்தில் அதிர்ஷ்டத்தில் தொங்கியது இங்கே நிச்சயமாகிறது.

இளகிய எதிராளி வந்தால்?

முதலாளி e ஐ 2 என்று வைத்த இளகிய மனதுக்காரர் என்று கொள்வோம். அவருடைய இலக்கு 31ஆம் சுற்றில் 0.567, 32இல் 0.56. அப்போதே நமது 190 ஒப்பந்தத்தை ஏற்றுவிடுவார். நமது முகவரோ அந்த நேரத்தில் 0.94 கேட்டு நின்றுகொண்டிருக்கிறது. 48ஆம் சுற்றுவரை காத்திருந்தால் அதிகம் கிடைக்குமா என்றால், அவருடைய இலக்கு 0.461க்கு இறங்கிய பிறகும் இந்தக் களத்தில் நமக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் அதே 0.675தான். அடுத்த படியான 200 ரூபா அவருக்கு 0.45 மட்டும் தருகிறது.

இதோடு நேரத் தேய்மானமும் இருந்தால் காத்திருப்பது நட்டம். பயன்மதிப்பை 0.8இன் t அடுக்கால் பெருக்கும் களத்தில் 32ஆம் சுற்று ஒப்பந்தம் 0.585, 48ஆம் சுற்றில் அதுவே 0.545. தேய்மானம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரே e ஐ எல்லாக் களத்திலும் ஓட்டுவது சோம்பல்.

ஏற்பு விதி

பெரும்பாலான தொடக்க முகவர்களின் விதி: வந்தது நான் அடுத்துக் கேட்கப்போவதைவிடக் குறையாவிட்டால் ஏற்பேன். நல்ல விதிதான், ஆனால் முடிவில் காலை வாரிவிடும். இரண்டாம் ஓட்டத்தில் 49ஆம் சுற்றில் எதிராளி தோட்டக்காரருக்கு 0.55 தரும் ஒன்றை நீட்டியிருந்தாலும், இலக்கு 0.633 என்பதால் மறுத்து 0.40 வாங்கியிருக்கும். கடைசிப் பகுதிக்குத் தனி விதி வேண்டும்: மிச்சமுள்ள நேரத்தின் அளவுக்குப் பின்னோக்கிப் பார்த்து, அந்தச் சாளரத்தில் எதிராளி தந்ததிலேயே சிறந்ததைவிட இப்போது வந்தது குறையாவிட்டால் ஏற்பது. கடைசிச் சுற்றில் விலகல் மதிப்பைத் தாண்டிய எதையும் ஏற்பது. இதை எழுதும்போது முகவர் தன் விலகல் மதிப்பைப் பூச்சியம் என்று எண்ணாமல் களக் கோப்பிலிருந்து படிக்கிறதா என்று பாருங்கள். 0.375 தரும் ஒப்பந்தத்தை ஏற்று, சும்மா எழுந்து போனால் கிடைத்திருக்கும் 0.40ஐ இழந்த முகவர் பரிதாபத்துக்குரியது.

புள்ளி எல்லா எதிராளிகளோடும் எல்லாக் களங்களிலும் பெற்ற சராசரி என்பதால், ஒருவரை நசுக்கி 0.80 எடுப்பதைவிட முறிவுகளைக் குறைப்பதே பலன் தரும். ஒரு 0.80உம் ஒரு முறிவும் சேர்ந்தால் சராசரி 0.60. இரண்டு 0.675 அதைவிட மேல்.

சொந்தமாகப் போட்டி ஓட்டிப் பார்க்க

8 முகவர், ஒவ்வொரு சோடியும் இரு பாத்திரத்திலும்: ஒரு களத்துக்கு 56 பேரம். 180 செக்கன் வீதம் 2 மணி 48 நிமிடம். 10 களம் என்றால் 28 மணி. மழைக்காலத்தில் மலையகத்தில் 28 மணி நேரம் மின்சாரம் நிற்காமல் இருக்கும் என்று நம்பி ஓட்டாதீர்கள். ஒவ்வொரு பேரமும் முடிந்ததும் முடிவைக் கோப்பில் எழுதி, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வையுங்கள். சுற்றுக் கணக்கில் ஓட்டினால் எல்லாம் நிமிடங்களில் முடியும். ஆனால் போட்டி எந்தக் கணக்கில் நடக்கிறதோ அதிலும் ஒருமுறை ஓட்ட வேண்டும். உங்கள் முகவரை அதன் நகலோடும் மோதவிடுங்கள். இரண்டாம் ஓட்டத்தின் கோளாறு அங்கேதான் முதலில் வெளிப்படும்.

களம் சொல்லாத ஒன்று

எடை போட்டுக் கூட்டும் பயன்மதிப்பு, விடயங்கள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை என்று எடுத்துக்கொள்கிறது. கரட்டில் அப்படி இல்லை. மண்ணில் இருக்கும்வரை தோட்டக்காரர் ஓரிரு நாள் காத்திருக்கலாம். பிடுங்கிக் கழுவிய பிறகு கரட் நிற்காது. அந்த நிமிடத்திலிருந்து அவருடைய விலகல் மதிப்பு 0.40 இல்லை, அதற்கு வெகு கீழே. கழுவித் தருவதாக ஒப்புக்கொண்டு, கழுவி முடித்த பின் முதலாளி 190ஐ 170 ஆக்கினால் மறுக்க வழியில்லை. மலையில் கையில் காசையும் கழுவுதலையும் ஒன்றாகப் பிணைத்துப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம். களத்தில் இதைக் காட்ட வேண்டுமானால் பேரத்தை இரண்டு கட்டமாக்கி, இரண்டாம் கட்டத்தில் தோட்டக்காரரின் விலகல் மதிப்பை 0.15க்கு இறக்கி ஓட்டிப் பாருங்கள். முதல் கட்டத்திலேயே முன்பணத்தை ஐந்தாவது விடயமாகச் சேர்க்காத முகவர் எதுவும் அதில் தாக்குப்பிடிக்காது.